ஓம்னி ஷாஃப்ட்ல கிராஸ் போச்சுன்னா: கிராஸ் மட்டும் மாத்தறதா, ஷாஃப்டே மாத்தறதா, புதுப்பேட்டைக்குப் போறதா?

ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாத்தி கிளட்ச்ச விட்டா வண்டிக்கு அடியில "டொக்"னு ஒரு அடி. தெருவுல மெதுவா உருட்டிக்கிட்டு வரும்போது கீச் கீச்னு எலி கத்தற மாதிரி சத்தம், வேகம் ஏற ஏற அந்த கீச்சும் சேந்து ஏறும், 40 தாண்டுனா சத்தம் அமுங்கிட்டு சீட்டுக்கு அடியில ஒரு அதிர்வு ஆரம்பிக்கும். ஓம்னி, ஈகோ, பழைய அம்பாசிடர், சுமோ, பொலிரோ, பின் வீல் இழுக்கற எந்த வண்டியா இருந்தாலும் இந்த மூணும் சேந்து வந்தா முதல்ல பாக்க வேண்டியது புரொப்பல்லர் ஷாஃப்ட்ல, அதாவது கியர்பாக்ஸோட சுத்தலைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டு போற நீளக் குழாயில, இருக்கற ஜாயின்ட் கிராஸத்தான்.

எங்களுது 2011 ஓம்னி. வீட்ல மாவு அரைச்சு பாக்கெட் போட்டு சென்னையில ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி வரைக்கும் கடைகளுக்குப் போடறோம். காலையில 4 மணிக்கே லோடோட கிளம்பணும், வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு அரைச்ச மாவு அத்தனையும் புளிச்சுப் போகும். அதனால கிராஸ் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்போ எனக்கு ரெண்டு கவலை. சீக்கிரம் முடியணும், ஆனா திரும்ப ஆறு மாசத்துல வந்து நிக்கக்கூடாது. கேட்டவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கிராஸ் மட்டும் மாத்துங்கன்னு ஒருத்தர், புது ஷாஃப்டே போட்டுடுங்கன்னு ஒருத்தர், புதுப்பேட்டையில பழசு எடுங்கன்னு ஒருத்தர், லாரிக்கு ஷாஃப்ட் வேலை செய்யற கடையில குடுத்து சரி பண்ணுங்கன்னு இன்னொருத்தர். நாலையும் விசாரிச்சு, புது சாமானுக்கு ஜிபி ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை, ஷாஃப்ட் கடைக்கு மாதவரம்னு அலைஞ்சு பாத்ததை எழுதறேன்.

முதல்ல கிராஸ்தான் போச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா டொக் சத்தம் பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல்ல இருந்தும் வரலாம், ஓம்னிக்குப் பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதோட புஷ் போனாலும் வரலாம், கியர்பாக்ஸ் மவுண்ட் பிஞ்சாலும் வரலாம். சமமான தரையில நிறுத்தி நாலு வீலுக்கும் கட்டை வச்சு நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் எடுத்துட்டு அடியில போங்க. ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, ரெண்டையும் எதிரெதிரா முறுக்கிப் பாருங்க. ஜாயின்ட்டுக்கு நடுவுல மட்டும் ஆட்டம் தெரிஞ்சா கிராஸ். ஷாஃப்ட் முழுசா சேந்து ஆடுனா டிஃபரன்ஷியல் பக்கம் தேடணும். டார்ச் அடிச்சு கிராஸ் முனைய மூடியிருக்கற கப்போட ஓரத்தையும் பாருங்க, எங்க வண்டியில பின்னாடி கிராஸோட ரெண்டு கப்பைச் சுத்தி செங்கப்பொடி மாதிரி துருப்பொடி படிஞ்சிருந்துச்சு, விரல்ல தொட்டா மஞ்சத்தூள் மாதிரி ஒட்டிக்கிச்சு. உள்ள கிரீஸ் ஒரு சொட்டு கூட இல்லாம இரும்போட இரும்பு தேய்ஞ்சு வந்த பொடி அது. அந்தப் பொடியப் பாத்துட்டா வேற சாட்சி தேவையில்ல.

கிராஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, நாலு முனைக்கும் நாலு கப், ஒவ்வொரு கப்புக்குள்ளயும் ஊசி ஊசியா நீடில் ரோலர். யோக்னா கவட்டை மாதிரி இரும்பு, அதோட ரெண்டு கொம்புலயும் கப்பு உக்கார ஓட்டை இருக்கும், அந்தக் கொம்பைத்தான் காதுன்னு சொல்றது. இந்தப் பக்கம் ஒரு யோக்கோட ரெண்டு காது, அந்தப் பக்கம் ஒரு யோக்கோட ரெண்டு காது, நடுவுல கிராஸ். பின் ஆக்ஸில் ரோட்டுக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் சாஞ்சுக்கிட்டே சுத்தணும் இல்ல, அதுக்குத்தான் இது. கிளாரன்ஸ் ஸ்பைசர்னு ஒருத்தர் 1903ல அமெரிக்காவுல இதை காருக்குன்னு பேட்டன்ட் வாங்கினார், அதுக்கு முன்னாடி நெறைய காருங்க சைக்கிள் மாதிரி செயின்லதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இன்னைக்கும் கிராஸ் பாக்ஸ் மேல ஸ்பைசர்னு பாப்பீங்க. கோடி முறை சுத்தினாலும் தாங்கற சாமான்தான். அதைக் கொல்றது லோடை விட தண்ணி.

நம்ம பக்கத்து வண்டிங்களுக்கு இது சீக்கிரமா போறதுக்கு காரணமும் அதுதான்னு நினைக்கிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கடல் காத்து உப்பு, கன்டெய்னர் லாரி போட்ட பள்ளம், வியாசர்பாடி கணேசபுரம் சப்வேல மழைக்கு நிக்கற தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில எங்க தெருவுல வண்டி ரெண்டு நாள் பாதி வீல் முங்கி நின்னுச்சு. அப்போ இன்ஜினையும் பிரேக்கையும் பாத்தோமே தவிர கிராஸ யாரும் நினைக்கல. கப்போட சீல் வழியா தண்ணி உள்ள போச்சுன்னா கிரீஸைக் கெடுத்துடும், அப்புறம் வண்டி ஓட ஓட நீடில் ஒண்ணு ஒண்ணா துருப்பிடிச்சு உருள்றதை விட்டுட்டு ஒரே இடத்துல நின்னு இடிக்க ஆரம்பிக்கும். அடுத்த வருஷமே முதல் கிராஸ் போச்சு.

அந்தத் தடவை அவசரத்துல பக்கத்துல ஒரு ஷெட்ல விட்டோம். பாக்ஸே இல்லாத லூஸ் கிராஸ் ஒண்ணு போட்டாங்க. காது ஓட்டை கொஞ்சம் லூசா இருந்துச்சு போல, கப்பு கையால தள்ளுனாலே உள்ள போயிருக்கு, அதுக்கு அவங்க பண்ண வேலை காதோட உள் ஓரத்துல சென்டர் பன்ச் வச்சு எட்டு பத்து இடத்துல குத்தி, அந்த மேடு கப்பை இறுக்கிப் புடிக்கற மாதிரி பண்ணிட்டாங்க. அன்னைக்கு எனக்கு இது தெரியாது, சத்தம் நின்னுச்சுன்னு சந்தோஷமா வந்துட்டேன். அந்தப் பன்ச் மேடு எல்லாம் கொஞ்ச நாள்ல அமுங்கிடும், கப்பு காதுக்குள்ளயே சுத்த ஆரம்பிக்கும், சுத்தி சுத்தி ஓட்டைய இன்னும் பெருசாக்கிடும். எட்டு மாசம்தான் ஓடுச்சு. 200 ரூபா மிச்சம் பண்ணப் போயி காதையே கெடுத்துக்கிட்டோம். யாராச்சும் பன்ச் எடுத்துக்கிட்டு காது பக்கம் வந்தா தயவு செஞ்சு நிறுத்துங்க.

இந்தத் தடவை எங்க பெரியப்பா பையன் தண்டையார்பேட்டையில ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. நான் கிராஸ் வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு அவரு சொன்னது, "இன்னா தம்பி, கழட்டாமயே கடைக்குப் போறேன்ற? மொதல்ல கழட்டுவோம், காது எப்டி கீதுன்னு பாப்போம், அப்பால கடைக்குப் போ." இந்த ஒரு வார்த்தைதான் எல்லா முடிவுக்கும் சாவி. கிராஸ் நல்லதா கெட்டதான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி அது உக்கார்ற வீடு நல்லா இருக்கான்னு பாக்கணும்.

ஓம்னி ஷாஃப்ட்ல மொத்தம் நாலு யோக் இருக்கு. முன்னாடி கியர்பாக்ஸுக்குள்ள சொருகற பல்லு வச்ச யோக் ஒண்ணு. ஷாஃப்ட் குழாயோட ரெண்டு முனையிலயும் வெல்டிங் அடிச்ச யோக் ரெண்டு. பின்னாடி டிஃபரன்ஷியல்ல நாலு போல்ட் போட்டு மாட்டற பிளான்ஞ்ச் யோக் ஒண்ணு. இதுல முதலும் கடைசியும் தனி பீஸ், கிராஸைக் கழட்டுனா கையோட வந்துடும். நடுவுல இருக்கற ரெண்டு மட்டும் குழாயோட ஒட்டுனது. இதை ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, எந்தக் காது தேஞ்சிருக்கோ அதை வச்சுத்தான் எவ்ளோ செலவுன்னே முடிவாகும், இதைக் கேட்டவங்கள்ல ஒருத்தர் கூட எனக்குச் சொல்லல.

நாலு யோக்கோட காதும் நல்லா இருக்கு, கப்பு வைஸ்ல அழுத்துனாதான் உள்ள போகுதுன்னா வேற யோசனையே வேணாம், புது கிராஸ் ரெண்டு வாங்கி மாட்டிட்டுப் போயிடுங்க. ஒண்ணு போயிருந்தாலும் ரெண்டா மாத்துங்க, ரெண்டும் ஒரே தண்ணியில நின்னது, ஷாஃப்ட் எப்படியும் கீழ இறங்கியாச்சு, கூலி பெருசா கூடாது.

கிராஸ்லயே மூணு தரம் இருக்கு. மாருதி கம்பெனி பாக்ஸ்ல வர்றது, ஷாஃப்ட் சாமான் செய்யற பேர் போன கம்பெனிங்க அவங்க சொந்த பாக்ஸ்ல விக்கறது, அப்புறம் பேர் தெரியாத லூஸ். ஜிபி ரோட்டுல கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "பாக்ஸ்ல வேணுமாண்ணே, லூஸ்ல வேணுமா?"ன்னுதான். ஓம்னி 2019லயே நின்னுடுச்சு, இருந்தாலும் ரோட்டுல இவ்ளோ வண்டி ஓடறதால கிராஸுக்குப் பஞ்சமில்ல. எனக்கு சொன்ன ரேட்டு, லூஸ் 220, பேர் போன கம்பெனி 430, மாருதி பாக்ஸ் அதுக்கும் மேல, அதுவும் அன்னைக்கு ஸ்டாக் இல்ல, ரெண்டு நாள் ஆகும்னாங்க. மூணையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது. நல்ல கிராஸோட நாலு முனையும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும், நகத்தை வச்சு இழுத்தா எங்கயும் தட்டாது. லூஸ்ல கடைசல் கோடு விரலுக்கே தெரிஞ்சுது. கப்பைத் திறந்து நீடில் எண்ணிப் பாத்தேன், லூஸ்ல ஒரு கப்புல ஒண்ணு கம்மி. சீல் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி இருந்துச்சு. நம்ம ஊர் தண்ணிக்கு அந்த சீல் ஒண்ணுதான் காவல், அதுவே அப்படி இருந்தா வாங்கறதுல அர்த்தம் இல்ல. பாக்ஸ்ல வாங்கினாலும் எம்ஆர்பி, பார்ட் நம்பர், தயாரிச்ச மாசம் வருஷம் எல்லாம் இருக்கான்னு பாருங்க, பழைய கப்பு ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போயி வெர்னியர் வச்சு வெளி விட்டம் சரியா இருக்கான்னு அளந்துட்டு வாங்குங்க.

நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டி அடிக்கற சின்ன வாய்) வச்ச கிராஸா, நிப்பிள் இல்லாத சீல்டு கிராஸான்னு இன்னொரு கேள்வி வரும். சீல்டுல உள்ள கிரீஸ் போக ஓட்டை போட வேண்டியதில்ல, அதனால உடம்பு கொஞ்சம் கெட்டி, பராமரிப்பும் இல்ல. நிப்பிள் வச்சதுல நடுவுல துளை இருக்கும், ஆனா தண்ணி உள்ள போச்சுன்னா கிரீஸ் கன் வச்சு அடிச்சு பழசை வெளிய தள்ளிடலாம். லாரி மாதிரி கடுமையான லோடு இருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். ஓம்னிக்கு, அதுவும் மழைக்கு சப்வேல முங்கி எழற ஓம்னிக்கு, நிப்பிள் வச்சதுதான் சரி. ஆனா நிப்பிள் வச்சதை வாங்கிட்டு கிரீஸே அடிக்காம விட்டா சீல்டை விட சீக்கிரம் போகும், அந்தப் பொறுமை இல்லாதவங்க சீல்டே வாங்கிக்கோங்க.

காது தேஞ்சிருந்தா மேல சொன்ன எந்த கிராஸ் வாங்கினாலும் வேஸ்ட். அப்போதான் மத்த மூணு வழியும் வருது.

புது ஷாஃப்ட் முழுசா வாங்கறதுல நிம்மதி அதிகம். ரெண்டு கிராஸ், நாலு யோக், பேலன்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில வந்துடும், அரை மணி நேரத்துல மாட்டிடலாம். எனக்கு 3,800 சொன்னாங்க, ரெண்டு கிராஸ் விலையோட நாலு மடங்கு. குழாய் நசுங்கி இருந்தாலோ, கோணி இருந்தாலோ, குழாயோட ஒட்டுன காது போயிருந்தாலோ நான் மறுபேச்சு பேசாம இதைத்தான் வாங்குவேன்.

ஷாஃப்ட் கடையில குடுத்து ரிப்பேர் பண்றது மூணாவது வழி. மாதவரம் பக்கம் லாரி வேலை நடக்கற இடத்துல இப்படிப்பட்ட கடைங்க இருக்கு, தேஞ்ச யோக்கை அறுத்துட்டு வேற யோக் வெல்ட் அடிச்சு, மெஷின்ல சுத்தி பேலன்ஸ் போட்டுத் தருவாங்க. கை தெரிஞ்சவங்க செஞ்சா புதுசு மாதிரியே இருக்கும். இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதைக் கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். சாஞ்சு சுத்தற கிராஸ் ஒரே சீரான வேகத்துல சுத்தறது இல்ல. உதாரணத்துக்கு 10 டிகிரி சாஞ்சிருந்தா, ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை வேகம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடும், ரெண்டு தடவை அதே அளவு குறையும். முன்னாடி கிராஸ் பண்ற இந்த ஏத்த இறக்கத்தை பின்னாடி கிராஸ் அப்படியே எதிரா பண்ணி சமன் ஆக்கிடும். அதுக்கு குழாயோட ரெண்டு முனையில இருக்கற காதும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். வெல்ட் அடிக்கறவர் இதை கவனிக்காம யோக்கைக் கொஞ்சம் திருப்பி வச்சு அடிச்சுட்டா, சமன் ஆக வேண்டியது சமன் ஆகாம வண்டி உதறிக்கிட்டே இருக்கும், எவ்ளோ பேலன்ஸ் போட்டாலும் அது போகாது, ஏன்னா அது எடைக் கோளாறே இல்ல. குடுக்கும்போது இதைக் கேளுங்க, வாங்கும்போது ஷாஃப்டைத் தரையில படுக்க வச்சு ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்கான்னு கண்ணால பாருங்க. குழாய் மேல சின்னதா தகடு ஒட்டி இருக்கும், அது பேலன்ஸுக்கு வச்சது, துருன்னு நினைச்சு யாரும் தட்டி எடுத்துடக்கூடாது.

நாலாவது புதுப்பேட்டை. கூவம் ஓரம் அந்தத் தெருவுங்கள்ல நடந்தா வண்டியோட எலும்புக்கூடே கெடைக்கும். ஓம்னி ஷாஃப்ட் முழுசா 1,300 சொன்னாங்க, பேசுனா இறங்கும். ஆனா அதுல இருக்கற கிராஸ் எந்தத் தண்ணியில நின்னுச்சோ யாருக்குத் தெரியும், அதை நம்பி அப்படியே மாட்டறது நம்ம பழைய கிராஸையே திரும்ப மாட்டற மாதிரிதான். இங்க எடுக்க வேண்டியது கெட்டி இரும்பு மட்டும். யோக் அடிச்சு செஞ்ச இரும்பு, காது தேயாம இருந்தா அதுக்கு வயசு ஒரு பொருட்டே இல்ல. பழசைக் கையோட எடுத்துட்டுப் போயி நீளம், பல்லு எண்ணிக்கை, போல்ட் ஓட்டை மூணையும் பொருத்திப் பாத்து எடுக்கணும், ஓம்னின்னு சொன்னாலும் மாடல் மாறினா அளவு மாறலாம்.

எங்க ஷாஃப்டைக் கழட்டுனதும் தெரிஞ்சுது. பின்னாடி நாலு போல்ட் கழட்டறதுக்கு முன்னாடி பிளான்ஞ்ச் ரெண்டு மேலயும் சேத்து மெக்கானிக் ஒரு பெயின்ட் கோடு போட்டாரு, திரும்ப அதே இடத்துல உக்காரணும்னு. முன்னாடி யோக்கை உருவுனா கியர் ஆயில் கொட்டும், அதனால பின் பக்கத்தை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்ட் போட்டுட்டு உருவி, அந்த வாயில துணிய சுத்தி அடைச்சாரு. பழைய கிராஸை எடுத்து மண்ணெண்ணெயில கழுவிக் காட்டுனாரு. முனையில நகத்தை இழுத்தா தட தட தடன்னு வரிசையா பள்ளம், ஒவ்வொரு நீடிலும் ஒரே இடத்துல நின்னு இடிச்சு அதோட உருவத்தை அப்படியே பதிச்சு வச்சிருந்துச்சு. ரெண்டு கப்புல நீடிலே இல்ல, வெறும் செம்பொடி.

முன் பக்கக் காதுங்க சுத்தமா இருந்துச்சு. குழாயோட ஒட்டுன பின் காதும் தப்பிச்சுடுச்சு. தேஞ்சிருந்தது பின்னாடி பிளான்ஞ்ச் யோக், அந்தப் பன்ச் குத்துன அதே காது, கப்பை வச்சா கல்லு உருள்ற மாதிரி உள்ள ஆடுச்சு. அதுதான் தனி பீஸ் ஆச்சே! அப்போ 3,800 போட வேண்டிய அவசியமும் இல்ல, வெல்டிங்கும் வேணாம். புதுப்பேட்டையில இருந்து பிளான்ஞ்ச் யோக் மட்டும் 350க்கு, ஜிபி ரோட்டுல நிப்பிள் வச்ச கிராஸ் ரெண்டு 860க்கு, கூலி 700, ஆக மொத்தம் 1,910. புதுப்பேட்டைக் கடைக்காரர் முதல்ல யோக்கைத் தனியா தர மாட்டேன்னாரு, முழு ஷாஃப்டா எடுத்துக்கோன்னாரு. வேற ஒரு கடையில குழாய் நசுங்கிப் போன ஷாஃப்ட் ஒண்ணு கெடந்துச்சு, அதுல யோக் நல்லா இருந்துச்சு, அவருக்கும் அது விக்காத சாமான்தான், உடனே கழட்டிக் குடுத்துட்டாரு. நல்ல கப்பு ஒண்ணைப் பாக்கெட்லயே வச்சிருந்தேன், அங்கயே காதுல வச்சுப் பாத்தேன், கட்டைவிரலால எவ்ளோ அழுத்தியும் உள்ள போகல, அப்புறம்தான் காசு குடுத்தேன்.

மாட்டும்போது கூடவே நில்லுங்க. கப்பை உள்ள அழுத்தும்போது ஒரே ஒரு நீடில் சாஞ்சு அடியில படுத்துக்கிட்டா போதும், கப்பு கடைசி வரைக்கும் போகாது, கப்பு வெளிய வராம புடிக்கற லாக் உக்காராது. அந்த நேரத்துல சுத்தியல் எடுத்து அடிச்சா நீடில் ஒடைஞ்சு புது கிராஸ் அன்னைக்கே போயிடும். எங்களுக்கும் மூணாவது கப்புல அதுதான் ஆச்சு. லாக் உக்கார நூல் அளவு இடம் பத்தல. அவரு ஒரு அடி கூட அடிக்கல, திரும்ப வெளிய எடுத்தாரு, படுத்திருந்த நீடிலை குண்டூசியால நிமித்தி கிரீஸ் தடவி சுவத்துல ஒட்டுன மாதிரி நிக்க வச்சாரு, வைஸ்ல ரெண்டு பக்கமும் சாக்கெட் வச்சு மெதுவா முறுக்குனாரு, டிக்னு லாக் விழுந்துச்சு. எல்லாம் முடிஞ்சு யோக்கைக் கையால ஆட்டிப் பாத்தப்போ எந்தப் பக்கமும் இறுக்கமும் இல்ல, ஆட்டமும் இல்ல. இறுக்கமா இருந்தா காது மேல மெல்ல ரெண்டு தட்டு தட்டுனா சரியாகும், அதுக்கும் சரியாகலன்னா திரும்ப கழட்டித்தான் பாக்கணும்.

பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும். உங்க வண்டியில பல மாடல்ல கிராஸுக்கு பதிலா, இல்ல கிராஸோட சேத்து, ரப்பர் கப்ளிங் இருக்கும், வட்டமா ரப்பர், சுத்தி போல்ட் ஓட்டை. அதுக்கு நான் மேல சொன்ன புதுப்பேட்டைக் கணக்கு செல்லாது. ரப்பர் ஓடுனாலும் தேயும், சும்மா கெடந்தாலும் வெடிக்கும், பழசு எடுக்கவே எடுக்காதீங்க, நட்டையும் சேத்து புதுசு வாங்குங்க. ஒரு பக்கமா அம்புக்குறி போட்டிருந்தா அது பிளான்ஞ்ச் கையைப் பாத்து இருக்கணும், முறுக்கும்போது ரப்பர் பக்கம் இருக்கற தலைய அசையாம புடிச்சுக்கிட்டு பிளான்ஞ்ச் பக்கம் முறுக்கணும், இல்லன்னா ரப்பரும் சேந்து முறுக்கிக்கும்.

எங்க வண்டிக்கு வரேன். மறுநாள் காலையில 300 கிலோ மாவோட டோல்கேட் தாண்டி எண்ணூர் ரோட்டுல 60 வரைக்கும் போட்டுப் பாத்தேன், டொக் இல்ல, கீச் இல்ல, சீட்டுல அதிர்வு இல்ல. வேற யோக் போட்டதால பேலன்ஸ் கெட்டிருக்குமோன்னு பயந்தேன், காலியா வரும்போது 65ல லேசா ஒரு இரைச்சல் மாதிரி இருந்துச்சு, டயரை முன்னாடி பின்னாடி மாத்திப் போட்டதும் அது போயிடுச்சு. இப்போ 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், சப்வே தண்ணியில இறங்கி ஏறுன வாரத்துல தனியா ஒரு தடவையும் லித்தியம் கிரீஸ் அடிக்கறேன், நாலு கப்போட ஓரத்துலயும் புது கிரீஸ் எட்டிப் பாக்கற வரைக்கும். போன வாரம் மழை பெஞ்சு அடிச்சப்போ முதல்ல வெளிய வந்தது பால் மாதிரி வெளுத்த கிரீஸ், நாலஞ்சு அழுத்துக்கு அப்புறம்தான் நல்ல நிறத்துல வந்துச்சு.